இடமும் வலமும்



சிறுவர்கள் தட்டாமாலை சுற்றுவதை நீங்கள் அனைவரும் பார்த்திருப்பீர்கள். நீங்களும் ஒரு காலத்தில் சுற்றியவர்களே. கைகளை அகல விரித்து, தலை கிறுகிறுக்கும்வரை சுழன்று, பின்பு தரையில் விழுந்து சிரிக்கும் அந்த விளையாட்டில் ஒரு சிறு செய்தி மறைந்திருக்கிறது. குழந்தை தனக்கென ஒரு திசையைத் தேர்ந்துகொள்கிறது. ஒன்று இடப்புறமாகவே சுற்றும். மற்றொன்று வலப்புறமாகவே சுற்றும். 'மாற்றிச் சுற்று' என்று நாம் சொன்னால், இரண்டு சுற்று தடுமாறிச் சுற்றிவிட்டுத் தன்னையறியாமலே பழைய திசைக்குத் திரும்பிவிடும். இவ்வியல்பு வளர்ந்த பின்னும் நம்மை விட்டு நீங்குவதில்லை. பனிமலைச் சரிவில் ஸ்கீ அணிந்து, வானில் தாவிச் சுழலும் வீரர்களுக்கும் இது உண்டு. அவர்கள் இதனை எவ்வாறு வெல்கிறார்கள் என்பது குறித்தே இன்று பேச விரும்புகிறேன்.

'தமிழனுக்கும் பனிக்கும் என்ன உறவு?' என்று சிலர் வினவக் கூடும். காவிரிக் கரையில் பிறந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தில்லியில் வாழ்பவன் நான். தில்லியிலும் சண்டிகரிலும் ஜம்முவிலும் வாழும் நம்மவருக்குப் பனிமலை தொலைவிலுள்ளதன்று. குளிர்கால விடுமுறையில் குல்மர்க்கிற்கோ ஔலிக்கோ சென்று வரும் குடும்பங்கள் பல. அவ்வாறே நானும் ஒரு முறை என் பேரனை அழைத்துக்கொண்டு குல்மர்க் சென்றேன். கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 2,650 மீட்டர் உயரத்திலுள்ள அந்தப் புல்வெளி, குளிர்காலத்தில் வெண்பனி போர்த்திக் கிடக்கும். பேரனுக்குப் பதினான்கு வயது. எனக்கு அறுபதுக்கு மேல். அவனுக்குத் துணையாக நிற்கவேண்டும் என்று சென்றவன், ஆசிரியரின் வற்புறுத்தலால் நானும் ஸ்கீ அணிந்துகொண்டேன்.

மூன்றாம் நாள் மாலைக்குள் எனக்கு இடப்புறம் திரும்புதல் நன்றாக வந்துவிட்டது. வலப்புறம் திரும்பினால் மட்டும் விழுந்தேன். ஆகவே நான் ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன். இடப்புறம் திரும்பிச் சரிவின் ஓரம்வரை செல்வேன்; அங்கே வேண்டுமென்றே உட்கார்ந்துவிடுவேன்; எழுந்து, காலால் அடியெடுத்து வைத்து மறுபக்கம் திரும்பிக்கொள்வேன்; பின்பு குறுக்கே சென்று மீண்டும் இடப்புறம் திரும்புவேன். இதனைப் பார்த்துக்கொண்டிருந்த காஷ்மீரத்து ஆசிரியர் அருகில் வந்து, "சாகேப், நீங்கள் பாதி மலையை இறங்கத்தான் கற்றிருக்கிறீர்கள்" என்றார். பேரன் அடக்க முடியாமல் சிரித்தான். அன்றிரவு கணப்பின் அருகில் அமர்ந்து, உலகப் புகழ்பெற்ற வீரர்களுக்கும் இதே இடர் உண்டென்று எனக்கு எடுத்துச் சொன்னவன் அவன்தான். ஊர் திரும்பியபின் நானும் இது பற்றிப் படித்தேன்; பந்தயங்களின் படங்களைப் பார்த்தேன். அவற்றிலிருந்து அறிந்தவற்றைத்தான் சொல்லப் போகிறேன்.

பனிச்சறுக்கு என்றவுடன் மலையுச்சியிலிருந்து அடிவாரம்வரை யார் விரைவாக இறங்குகிறார் என்னும் பந்தயமே நம் நினைவுக்கு வரும். பிரீஸ்டைல் என்பது அதனினும் வேறானது. இதன் பெரும்பாலான பிரிவுகளில் விரைவன்று, வித்தையே முதன்மையானது. நார்வே நாட்டு வீரர் ஸ்டைன் எரிக்சன் 1952ஆம் ஆண்டு ஆஸ்லோ ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் பெற்றவர். அவர் ஸ்கீ அணிந்தபடியே காற்றில் குட்டிக்கரணம் அடித்துக் காண்போரை வியப்பில் ஆழ்த்தினார். அத்தகையோர் விளையாட்டாகச் செய்தவை பிற்காலத்தில் ஒரு தனிக்கலையாக வளர்ந்தன. 1992இல் ஆல்பர்வில் நகரில் நடந்த ஒலிம்பிக்கில், மேடுபள்ளங்கள் நிறைந்த சரிவில் இறங்கும் 'மோகல்ஸ்' போட்டிக்கு முதன்முதலாகப் பதக்கம் வழங்கப்பட்டது. 2014இல் சோச்சியில், குழாயை நெடுக்கே பிளந்தாற்போன்ற பனிக்கால்வாயில் ஆடும் 'ஹாப்பைப்' போட்டியும், தடைகளும் தாவுமேடைகளும் அமைந்த 'ஸ்லோப்ஸ்டைல்' போட்டியும் சேர்ந்தன. ஒரே பெருந்தாவலில் திறமையைக் காட்டும் 'பிக் ஏர்' 2022இல் பெய்ஜிங்கில் சேர்க்கப்பட்டது.

இவ்வளர்ச்சிக்குக் கருவியின் மாற்றமும் ஒரு காரணம். பழைய ஸ்கீக்கு முன்முனை மட்டுமே மேல்நோக்கி வளைந்திருக்கும். பின்முனை தட்டையாக இருக்கும். பின்னோக்கிச் சறுக்க முயன்றால் அது பனியில் குத்திக்கொள்ளும். இருமுனையும் வளைந்த ஸ்கீயை முன்பே சிலர் முயன்றதுண்டு. எனினும் 1998 வாக்கில், மைக் டக்ளஸ் முதலிய கனடா நாட்டு இளைஞர்களின் ஊக்கத்தால் சாலமன் நிறுவனம் வெளியிட்ட 'டென்எய்ட்டி' என்னும் ஸ்கீயே அதனை உலகெங்கும் பரப்பியது. அப்பெயரின் பொருள் 1080 என்பதாகும். ஒரு முழுச் சுற்று 360 பாகை. ஆகவே 1080 பாகை என்பது மூன்று முழுச் சுற்று. அன்று மூன்று சுற்று என்பது ஒரு ஸ்கீக்குப் பெயராகச் சூட்டத்தக்க பெருஞ்செயலாக இருந்தது. இன்றோ நான்கு சுற்றாகிய 1440, நான்கரைச் சுற்றாகிய 1620 என்றெல்லாம் பேசுகிறார்கள்.

பின்னோக்கிச் சறுக்குதல் கைகூடியதும் சுழற்சியின் வகைகளும் பெருகின. முன்னோக்கி வந்து தாவி இடப்புறம் சுழலலாம், வலப்புறமும் சுழலலாம். பின்னோக்கி வந்து தாவியும் அவ்வாறே இருபுறமும் சுழலலாம். ஆக நான்கு வழிகள். இவற்றுள் ஒவ்வொரு வீரருக்கும் ஏதோ ஒன்று இயல்பாக வரும், மற்றவை வாரா. வலக்கையால் எழுதுவோர் எல்லாரும் ஒரே புறம் சுழல்வதில்லை. ஆகவே ஒருவருக்கு எப்புறம் இயல்பு என்பதைச் சுழன்று பார்த்துத்தான் அறியவேண்டும். இயல்பான புறத்தில் மூன்று சுற்று சுற்றுபவர், மறுபுறத்தில் ஒரு சுற்றுக்கே தடுமாறுவதைக் காணலாம்.

'ஒரு புறம் நன்றாக வந்தால் போதாதா? மறுபுறம் எதற்கு?' என்று கேட்கத் தோன்றும். நடுவர்கள் போதாது என்கிறார்கள். தாவிய உயரம், வித்தையின் கடினம், செய்த நேர்த்தி ஆகியவற்றோடு பலவகைமையையும் கணக்கில் கொண்டே அவர்கள் மதிப்பெண் வழங்குகிறார்கள். ஒரே வித்தையைத் திரும்பத் திரும்பச் செய்பவர் எவ்வளவு அழகாகச் செய்தாலும் முதலிடம் பெறுதல் அரிது. இதில் நியாயமும் இருக்கிறது. நம் பரதநாட்டிய ஆசிரியர்கள் ஓர் அடவை வலப்புறம் கற்பித்தவுடன் இடப்புறமும் செய்யச் சொல்வார்கள். இரண்டும் ஒத்து வந்தால்தான் அடவு படிந்தது என்பார்கள். பனிமலை நடுவர்களின் எண்ணமும் அதுவே.

இனி, மறுபுறம் சுழலுதல் ஏன் இவ்வளவு கடினம் என்பதைச் சற்று ஆராய்வோம். காற்றில் எழுந்தபின் சுழற்சியைப் புதிதாக ஈட்டிக்கொள்ள ஒருவராலும் இயலாது. சுழல்வதற்குரிய கோண உந்தம் முழுவதையும் தாவுமேடையின் விளிம்பை விட்டு நீங்குமுன்பே பனியை உதைத்துப் பெற்றுக்கொள்ளவேண்டும். அதன்பின் நம் கையிலுள்ளது ஒன்றே. கைகளையும் கால்களையும் உடலோடு ஒடுக்கினால் சுழற்சி விரைவாகும், விரித்தால் தளரும். ஆகவே எல்லாம் விளிம்பிலுள்ள அந்த ஒரு நொடிக்குள் முடிவாகிவிடுகிறது. ஸ்கீயின் எந்த ஓரம் பனியைப் பற்றவேண்டும், எந்தத் தோள் முதலில் திரும்பவேண்டும், கண் எங்கே நோக்கவேண்டும் என்பவற்றை எண்ணிப் பார்க்க அங்கே நேரமில்லை. உடலே அறிந்திருக்கவேண்டும். இயல்பான புறத்தை உடல் அறியும், மறுபுறத்தை அறியாது. மேலும், இறங்கும்போது தரை எப்பக்கத்திலிருந்து கண்ணுக்குப் புலப்படும் என்பதும் மாறிவிடுகிறது. பழகிய வீட்டில் இருளில் விளக்குப் பொத்தானைத் தேடும் கை தானே அவ்விடம் செல்லும். புதிய வீட்டில் சுவரைத் தடவும். அதுபோன்றதே இதுவும்.

மறுபுறம் பழகுவோர் செய்யும் பிழைகளுள் முதன்மையானவை மூன்று. முதலாவது, அச்சத்தால் விளிம்பை அடையுமுன்பே சுழலத் தொடங்குதல். அவ்வாறு செய்தால் ஸ்கீ பக்கவாட்டில் வழுக்கி, தாவலின் வலிமை கெடும். இரண்டாவது, தலையைத் தொங்கவிட்டுத் தரையைத் தேடுதல். தலை சாய்ந்தால் உடலின் அச்சும் சாய்ந்துவிடும். மூன்றாவது, பாதிச் சுழற்சியில் மனம் தளர்ந்து கைகளை விரித்துவிடுதல். சுற்று முடியாமலே கால் தரையில் படும். இம்மூன்றாவது பிழை மிகவும் தீங்கானது. உடல் சுழன்றுகொண்டிருக்க, நீண்ட ஸ்கீ பனியில் சிக்கிக்கொண்டால், அம்முறுக்கு முழுவதும் முழங்காலுக்குச் செல்லும். முழங்காலின் உள்ளே இருக்கும் பிணைநார் அறுந்துபோவது ஸ்கீ வீரர்கள் பெரிதும் அஞ்சும் காயமாகும். அறுவை மருத்துவமும் பல மாத ஓய்வும் அதற்குத் தேவைப்படும். ஆகவே மறுபுறம் கற்றலை வீம்புக்குச் செய்யலாகாது, முறையாகச் செய்யவேண்டும்.

முறை யாது? முதலில் ஸ்கீயே வேண்டா. வெறுந்தரையில் நின்று, குதித்து, அரைச் சுற்று சுற்றி நிற்கப் பழகலாம். பின்பு இழுவிசை கொண்ட துள்ளுமேடையில் முழுச் சுற்று. இங்கே ஒரு நல்ல உத்தி உண்டு. இயல்பான புறத்தில் மெதுவாக ஒரு முறை சுற்றி, 'என் கண் முதலில் எங்கே சென்றது? எந்தத் தோள் திரும்பியது? எந்தக் காலில் எடை இருந்தது?' என்று தன்னைத் தானே வினவிக்கொள்ளவேண்டும். நன்றாக வருவதை நாம் எவ்வாறு செய்கிறோம் என்று ஒருபோதும் எண்ணிப் பார்ப்பதில்லை. அதனை எண்ணி அறிந்தபின், அதையே கண்ணாடியில் கண்டாற்போல மறுபுறம் செய்யவேண்டும்.

அடுத்து, பனியில் மட்டமான சரிவில் மெல்லச் சறுக்கிக்கொண்டே, தாவாமல், தரையிலேயே முன்னிருந்து பின்னாகவும் பின்னிருந்து முன்னாகவும் திரும்பப் பழகவேண்டும். இதற்குப் பின்னரே முழங்கால் உயரமுள்ள சிறு மேடு. அதில் அரைச் சுற்று. பின்பு முழுச் சுற்று. பெருந்தாவல்களை நேரே பனியில் முயலாமல், காற்றடைத்த பெரிய மெத்தையின் மீது இறங்கிப் பழகுகிறார்கள். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த பார்க் சிட்டியில், கோடைக்காலத்தில் சரிவுமேடையிலிருந்து தாவி ஸ்கீயோடு குளத்து நீரில் விழுந்து பழகும் வசதி அமைந்திருக்கிறது. தவறினால் நனைவதோடு போயிற்று.

பயிற்சிக்குரிய வேளையும் கருதத்தக்கது. உடல் களைத்த மாலை வேளைக்கு வாராத புறத்தை ஒதுக்கி வைப்பது நம் இயல்பு. அது தவறு. உடலும் உள்ளமும் தெளிவாக இருக்கும் காலையிலேயே அதனைத் தொடங்கவேண்டும். சிறிய மேட்டில் பிழையின்றி வரும்வரை பெரிய மேட்டிற்குச் செல்லலாகாது. இயல்பான புறத்தில் வல்லவராயிருப்பவருக்கு இதுவே மிகக் கடினமான கட்டளை. ஊரார் வியக்க மூன்று சுற்று சுற்றுபவர், சிறு குழந்தைகள் பழகும் மேட்டில் வந்து அரைச் சுற்றுக்கு விழவேண்டும். அந்த நாணத்தைத் தாங்கிக்கொள்பவருக்கே மறுபுறம் வசமாகிறது.

அவ்வாறு வசப்படுத்தியவர் இருவரின் செய்தியைக் கேளுங்கள்.

அமெரிக்க வீரர் டேவிட் வைஸ் 2014ஆம் ஆண்டு ஹாப்பைப் போட்டியில் ஒலிம்பிக் தங்கம் பெற்றவர். 2018இல் தென்கொரியாவின் பியாங்சாங்கில் மீண்டும் இறுதிப் போட்டிக்கு வந்தார். மூன்று வாய்ப்புகளில் முதல் இரண்டிலும் அவருடைய ஸ்கீ காலணியிலிருந்து கழன்றுவிட்டது. மதிப்பெண் என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. எஞ்சியது ஒரே வாய்ப்பு. சாய்ந்த அச்சில் சுழன்று, தலை இருமுறை கீழ்வந்து மீளும் 'டபிள் கார்க்' என்னும் வித்தையை, நான் முன்பு கூறிய நான்கு வழிகளிலும் அந்த ஒரே ஓட்டத்தில் அவர் செய்து முடித்தார். 97.20 மதிப்பெண் கிட்டியது, தங்கமும் கிட்டியது. நான்கில் ஒரு வழி அவருக்கு வாராதிருந்தால் அந்த நாள் வேறு விதமாக முடிந்திருக்கலாம்.

மற்றவர் எய்லீன் கூ. அமெரிக்காவில் பிறந்து, சீன நாட்டின் சார்பில் ஆடுபவர். 2022 பிப்ரவரியில் பெய்ஜிங்கில், பழைய உருக்காலை ஒன்றின் குளிர்விப்புக் கோபுரங்களின் அருகே எழுப்பப்பட்ட மேடையில் மகளிர் பிக் ஏர் இறுதிப் போட்டி நடைபெற்றது. அவருக்கு அப்போது வயது பதினெட்டு. ஒவ்வொருவரும் மூன்று முறை தாவலாம்; அவற்றுள் இரண்டின் மதிப்பெண்கள் கூட்டப்படும்; அவ்விரண்டும் ஒரே வித்தையாக இருத்தல் ஆகாது. முதல் தாவலில் கூ வலப்புறம் நான்கு சுற்று சுழன்று 93.75 பெற்றார். இரண்டாவதில் 88.50. அந்நிலையில் பிரான்சு நாட்டு டெஸ் லெடெ முதலிடத்திலும், சுவிட்சர்லாந்தின் மத்தில்ட் கிரெமோ இரண்டாம் இடத்திலும் இருந்தனர். கூவுக்கு மூன்றாம் இடம்.

கடைசித் தாவலுக்குமுன் கூ தம் தாயாரோடு தொலைபேசியில் பேசினார். முன்பு செய்த நான்கு சுற்றையே இன்னும் செம்மையாகச் செய்தால் வெள்ளி உறுதி என்பது தாயாரின் கருத்து. மகள் வேறு முடிவு செய்தார். போட்டியில் அதுவரை தாம் செய்தறியாத நான்கரைச் சுற்றை, அதுவும் இடப்புறமாக, முயன்றார். சிறிதும் பிசகாமல் இறங்கினார். 94.50 மதிப்பெண் பெற்று, மொத்தம் 188.25 ஆனது. லெடெயின் மொத்தம் 187.50. முக்கால் மதிப்பெண் வேறுபாட்டில் தங்கம் கூவின் கழுத்தை அடைந்தது. துணிவு என்று உலகம் அதனைப் புகழ்ந்தது. துணிவுதான், ஆயினும் இருபுறமும் சுழல ஆண்டுக்கணக்கில் பழகிய உடலே அத்துணிவுக்கு அடிப்படை. பழகாதவர் அதனைச் செய்தால் அதற்குப் பெயர் துணிவன்று.

அதே பெய்ஜிங் ஒலிம்பிக்கில் நியூசிலாந்தின் நிகோ போர்ட்டியஸ் ஹாப்பைப்பில் தங்கம் பெற்றதும் இவ்வழியேதான். அவர் ஒரு சுவரில் ஒரு புறமாக நான்கரைச் சுற்றும், உடனே எதிர்ச் சுவரில் மறுபுறமாக நான்கரைச் சுற்றும் அடுத்தடுத்துச் சுழன்றார்.

இனி மீண்டும் குல்மர்க்கிற்கு வருகிறேன். மறுநாள் காலை ஆசிரியர் எனக்கு ஒரே கட்டளை இட்டார். "சாகேப், இன்று உணவு வேளைவரை இடப்புறம் திரும்பவே கூடாது." மட்டமான ஓரிடத்தில் நிறுத்தி, வலப்புறம் மட்டும் திரும்பச் செய்தார். முதல் ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை விழுந்தேன் என்பதைப் பேரன் எண்ணி வைத்திருந்தான். அந்த எண்ணை இங்கே சொல்ல மாட்டேன். விழும்போதெல்லாம் ஒன்று விளங்கிற்று. வலப்புறம் திரும்ப இடக்காலில் எடையை ஊன்றவேண்டும். நான் அக்காலை நம்பவில்லை. நம்பாததால் ஊன்றவில்லை; ஊன்றாததால் விழுந்தேன்; விழுந்ததால் இன்னும் நம்பாமற் போனேன். இந்த வளையத்தை அறுக்க வழி ஒன்றே. விழுந்தாலும் தீங்கில்லாத இடத்தில், மீண்டும் மீண்டும் அக்காலை ஊன்றிப் பார்ப்பதுதான் அது. விடுமுறையின் கடைசி நாளில், அழகாக இல்லாவிட்டாலும், இருபுறமும் திரும்பி மலையை முழுவதும் இறங்கினேன்.

நேயர்களே, தில்லி திரும்பும்போது என் மனத்தில் வேறொன்று உறுத்திக்கொண்டிருந்தது. என் பேரன் தில்லியில் பிறந்தவன். இந்தி அவன் வாயில் அருவி போல வரும். தமிழ் தயங்கித் தயங்கி வரும். கும்பகோணத்தில் இருக்கும் என் தமக்கையார் அவனோடு தொலைபேசியில் பேச விரும்புவார். அவருக்குத் தமிழன்றி வேறு மொழி தெரியாது. பையன் இரண்டு வாக்கியம் பேசிவிட்டு, "தாத்தா, நீங்களே பேசுங்கள்" என்று கருவியை என்னிடம் தந்துவிடுவான். வீட்டிலும், அவன் தமிழில் ஒரு சொல்லுக்குத் தடுமாறினால், நானே உடனே இந்திக்கு மாறிவிடுவேன். அதனை அன்பு என்றே எண்ணியிருந்தேன். சரிவின் ஓரத்தில் வேண்டுமென்றே உட்கார்ந்து கொண்டவன் செய்த அதே தந்திரம் அது என்பது அப்போதுதான் புரிந்தது. பையனிடம் குறையில்லை. விழுந்தாலும் தீங்கில்லாத ஓர் இடத்தை நான் அவனுக்கு அமைத்துக் கொடுக்கவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் காலை உணவின்போது தமிழ் மட்டுமே பேசுகிறோம். களைத்துத் திரும்பும் மாலையை விட்டுக் காலையைத் தேர்ந்தது அந்த ஆசிரியரிடம் கற்ற பாடம். பையன் பிழையாகப் பேசுகிறான், ஒருவரும் சிரிப்பதில்லை, ஒருவரும் இந்தியில் கைகொடுப்பதுமில்லை. சென்ற மாதம் தமக்கையாரோடு பேசியபோது, குல்மர்க்கில் நான் விழுந்த கதையை அவனே தமிழில் முழுவதும் சொன்னான். எத்தனை முறை விழுந்தேன் என்னும் எண்ணையும் சொல்லிவிட்டான். அவர் நெடுநேரம் சிரித்தது என் காதில் விழுந்தது.